கேளுங்கள், சொல்கிறேன்: மனு திரும்பி வந்தால்…

கேள்வி: என் மகளுக்கு, குடும்பத்தில் வேறு பட்டதாரி இல்லை என்பதற்கான முதல் பட்டதாரி சான்றிதழ் கேட்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். 'திருப்பி அனுப்பப்பட்டது' என்று வந்திருக்கிறதாம். புதிதாகப் பதிவு செய்து, மறுபடியும் பணம் கட்டச் சொல்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வு நெருங்குகிறது. என்ன செய்வது? – வாசகி, தேவனாம்பட்டினம்

பதில்: அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள் அம்மா. நிராகரிக்கப்பட்டிருந்தால்தான் புதிய மனு. திரும்பி வந்த மனுவுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ஒப்புகைச் சீட்டில் உள்ள விண்ணப்ப எண்ணைக் காட்டி, திருப்பிய காரணத்தை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். குறையைச் சரிசெய்து அதே எண்ணில் மீண்டும் அனுப்பலாம்.

இந்த மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று போய், மண்டலத் துணை வட்டாட்சியரிடம் முடிகிறது. வருவாய்த் துறையில் இருந்தபோது இப்படி வந்த மனுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அண்ணனின் மாற்றுச் சான்றிதழைக் கைப்பேசியில் படம் பிடித்து ஏற்றியிருப்பார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் பெயரே மறைந்திருக்கும். ஓரத்தில் பிடித்தவரின் கட்டைவிரல் தெரியும். திரையில் தெரியாததை அலுவலர் எப்படி ஏற்பார்? அசலைக் கொண்டுபோய், ஸ்கேனரில் வைத்தே ஏற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று, மனுவில் யாருடைய கைப்பேசி எண் இருக்கிறது? சில மையங்களில் தங்கள் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். குறுஞ்செய்தி அவர்களுக்குப் போகும். நீங்கள் வாரக்கணக்கில் காத்திருப்பீர்கள். இது எனக்குப் பொறுக்கவே முடியாத வழக்கம். உங்கள் எண்ணைக் கொடுங்கள். இந்தச் சான்றிதழுக்குச் சேவைக் கட்டணம் 60 ரூபாய். அதற்கு ரசீது வாங்குங்கள். மனுவை மீண்டும் அனுப்ப மையத்தில் மறுத்தால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளில் ஒப்புகைச் சீட்டின் நகலோடு மனுக் கொடுங்கள். கலந்தாய்வுத் தேதியை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். மகளின் கல்விக் கட்டணச் சலுகை இதில்தான் இருக்கிறது, கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: வீடு பாகூரில், வேலை கடலூரில். இருப்பிடச் சான்றிதழைக் கடலூர் இ-சேவை மையத்திலேயே வாங்கலாமா? – வாசகர், பாகூர்

பதில்: முடியாது. பாகூர் இருப்பது புதுச்சேரியில். எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் வேறு அரசு, வேறு இணையதளம். உங்களுக்குப் பாகூர் தாலுகா அலுவலகம்தான். ஒரு நாள் விடுப்புப் போட்டு அங்கேயே முடித்துவிடுங்கள்.