ஜி.ஐ. பைப் வெல்டிங்கும் இரவுக் காய்ச்சலும்

கேள்வி: வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறேன். ஜி.ஐ. பைப்புகளை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களை) பற்றவைக்கும் நாள்களில் இரவில் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வருகிறது, மறுநாள் தணிந்துவிடுகிறது. பால் குடித்தால் போதும், போகப்போக உடம்பு பழகிவிடும் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். இது சரியா?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் உலோகப் புகைக் காய்ச்சலோடு பொருந்துகின்றன. பைப்பின் மேல் துருப்பிடிக்காமல் இருப்பதற்காகப் பூசப்படும் துத்தநாகம் சுமார் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். இரும்பு உருகவோ 1,500 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். ஆகவே இணைப்பு உருகுவதற்கு முன்பே பூச்சு ஆவியாகி, காற்றோடு சேர்ந்து, துத்தநாக ஆக்சைடு என்னும் வெண்புகையாகிறது. அதன் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்வதால், 4 முதல் 12 மணி நேரத்துக்குள் காய்ச்சல், நடுக்கம், உடல்வலி, வாயில் உலோகச் சுவை ஆகியவை தோன்றி, பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்குகின்றன.

உடம்பு பழகும் என்பதில் பாதி உண்மை உண்டு, ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. தொடர்ந்து சில நாள் இப்புகையைச் சுவாசிப்பவருக்குக் காய்ச்சல் குறையும். விடுமுறை கழிந்து திரும்பியதும் மீண்டும் வரும். அதனால் இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்ற பெயரே வழங்குகிறது. காய்ச்சல் நின்றுவிட்டதால் புகை உள்ளே செல்வது நின்றுவிடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 2017-இல் சேர்த்தது. பால் இரைப்பைக்குச் செல்கிறது, புகையோ நுரையீரலுக்குச் செல்கிறது. பாலை நம்பிப் பாதுகாப்பைத் தளர்த்தாதீர்கள்.

செய்ய வேண்டியவற்றுள் முதன்மையானது, பற்றவைக்கும் இடத்தின் இருபுறமும் சில சென்டிமீட்டர் அகலத்துக்குப் பூச்சைக் கிரைண்டரால் நீக்கிவிட்டு, வேலை முடிந்தபின் அங்கே துத்தநாகப் பெயின்ட் அடிப்பதாகும். கிரைண்டர் தூசியும் தீங்கானதே என்பதால் அப்போதும் முகமூடி அணியுங்கள். புகை உறிஞ்சியின் வாயை ஆர்க்குக்கு (பற்றவைக்கும் மின்பொறிக்கு) மிக அருகில் வைக்க வேண்டும். தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி புகையை உங்கள் முகத்துக்கே திருப்பிவிடக்கூடும். கைக்குட்டை இத்துகள்களைத் தடுக்காது. ஷீல்டுக்குள் பொருந்தும், உலோகப் புகைக்கான வடிகட்டி கொண்ட சுவாசக் கவசமே தேவை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காட்மியம் என்னும் நச்சு உலோகம் பூசிய போல்ட்டுகளையோ, உலோகங்களை ஒட்டவைக்கப் பயன்படும் காட்மியம் கலந்த வெள்ளிப் பற்றுகளையோ சூடாக்கும்போது எழும் புகையும் தொடக்கத்தில் இதே காய்ச்சலைப் போலத்தான் தெரியும். ஆனால் நுரையீரலில் நீர் கோத்து உயிரையே பறிக்கக்கூடும். எனவே மூச்சுத் திணறலோ நெஞ்சு இறுக்கமோ வந்தாலும், காய்ச்சல் இரண்டு நாளில் தணியாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எந்த உலோகத்தில், என்ன பூச்சின்மேல் வேலை செய்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அதைச் சாதாரணச் சளிக்காய்ச்சலாக அவர் கருத இடமுண்டு.