நிலக்கரி மின் நிலையத்தை முன்கூட்டியே மூட எது உதவுகிறது?

ஒரு நிலக்கரி மின் நிலையம் சாதாரணமாக 40, 50 வருடம் ஓடும். அதற்கு முன்பே நாள் குறித்து நிறுத்துவதைத்தான் முன்கூட்டியே மூடுவது என்கிறோம்.

தடையாக இருப்பது பெரும்பாலும் கடன்தான். பெரும் கடன் வாங்கிக் கட்டியிருப்பார்கள். பல வருட மின்சார விற்பனையை நம்பித்தான் அதை அடைக்க முடியும். பாதியில் மூடினால் நஷ்டத்தை யார் ஏற்பது?

அதிக வட்டிக்குக் கடன் வாங்கி லாரி ஓட்டுபவரை நினைத்துப் பாருங்கள். வட்டி குறைந்த கடனுக்கு அவர் மாறினால், கடன் சீக்கிரம் அடைந்துவிடும், லாரியையும் சீக்கிரமே நிறுத்திவிடலாம். பிலிப்பைன்ஸில் 2022-ல் நடந்ததும் இதுதான். 246 மெகாவாட் தெற்கு லூசோன் நிலையம் புதிய முதலீட்டாளர்களின் பணத்தாலும் புதிய கடனாலும் கைமாறியது. நிபந்தனை, 2040-க்குள் மூட வேண்டும். எனக்கு இதில் பிடித்தது, மூடும் தேதி ஒப்பந்தத்திலேயே இருப்பது.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 2013-ல் மின் நிலையங்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தது. நிலக்கரி கட்டுப்படியாகவில்லை, எரிவாயுவும் காற்றாலையும் இடத்தைப் பிடித்தன. கடைசி நிலையமான ராட்க்ளிஃப் 2024 செப்டம்பர் 30-ல் நின்றது. அப்புறம், அங்கே வேலை பார்த்தவர்களின் பிழைப்புக்கும் வழி செய்தாக வேண்டும். அதை விட்டுவிட்டுப் போடும் எந்தத் திட்டமும் நியாயமில்லை.

சூரிய மின்சாரம் மலிவானால் நிலக்கரி தானாகவே ஒழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நீண்டகால ஒப்பந்தம் உள்ள நிலையத்துக்கு, மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டியிருப்பதால், அது தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும்.