தீப்பந்தத்துக்கு மட்டும் கலர் வருவது ஏன்?

'தி வாம்பயர் பேட்' டிஸ்க்கைப் போட்டால், கறுப்பு வெள்ளைப் படத்தின் நடுவே தீப்பந்தம் மட்டும் ஆரஞ்சாகத் தெரிகிறதா? டிஸ்க்கில் பழுதில்லை, திருப்பி அனுப்ப வேண்டாம். 1933-ல் வந்த இது கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனால் ஊரார் துரத்தும் காட்சியில் நீங்கள் பார்த்த ஆரஞ்சுச் சுடர் அன்றே இருந்தது; குஸ்தாவ் பிராக் என்பவர் பிலிமில் கையால் தீட்டியது. படத்தை மீட்டெடுத்தபோது அதையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். யுனிவர்சல் ஸ்டூடியோவின் செட்டை வாடகைக்கு எடுத்து இந்தப் படத்தை ஒப்பேற்றிய மெஜஸ்டிக் கம்பெனி இதற்குப் போய்க் காசு செலவழித்ததுதான் வேடிக்கை!

சந்தேகம் இருந்தால் அங்கே நிறுத்திப் பாருங்கள். சுடரில் மட்டும் நிறம், பந்தம் பிடித்த கையும் கோட்டும் சாம்பல் என்றால் சரி. முகத்திலும் சாயம் ஏறியிருந்தால் டிவியின் கலர் செட்டிங்கைக் கவனியுங்கள்.

அப்புறம், இணையத்தில் சுற்றும் பழைய பிரதிகளில் இந்த நிறம் பெரும்பாலும் இருக்காது. அதோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.