யுரேனியம் தேடும் சின்னக் கம்பெனிப் பங்குகளில் மூன்று லட்சம் போடலாமா?

கேட்டவருக்கு 29 வயது, கையில் மூன்று லட்சம் இருக்கிறது. கனடாவில் யுரேனியம் தேடும் சின்னக் கம்பெனிகள் பத்து மடங்கு ஏறும் என்று யூடியூபில் பார்த்திருக்கிறார். இந்தியாவிலிருந்து வாங்க முடியுமா, வாங்கலாமா என்பது கேள்வி.

முடியும். வாங்கலாமா என்பதற்கு என் கதையைச் சொல்கிறேன்.

நான் நீலகிரி மாவட்டத்துத் தேவாலாக்காரன். ஒன்றரை ஏக்கர் தேயிலை உண்டு, அதோடு ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். 2021 நவம்பரில் போனஸையும் சீட்டு எடுத்த பணத்தையும் சேர்த்து, ஒன்றே முக்கால் லட்சத்துக்கு கனடாவின் அதபாஸ்கா படுகையில் யுரேனியம் தேடும் ஒரு கம்பெனியின் பங்கை வாங்கினேன். பெயர் வேண்டாம். ஒரு பங்கு கனடாக் காசில் 42 சென்ட், ஏழாயிரம் பங்கு வந்தது. அன்றைக்கு யுரேனியம் பவுண்டு 45 டாலர் வாக்கில் இருந்தது. (அப்பா சிலோனிலிருந்து வந்தவர், பவுண்டு என்றால் அவருக்குப் புரியாது, ராத்தல் என்றால்தான் புரியும்.) விலை ஏறும் என்று கணித்தேன். 2024 ஜனவரியில் 100 டாலரைத் தாண்டியது. கணிப்பு பலித்தது. அன்று என் பங்கின் விலை 19 சென்ட்.

எப்படி? வருஷம் முழுக்க மற்றவர்கள் கணக்கைச் சரிபார்க்கிறவன், இதை மட்டும் பார்க்காமல் விட்டிருந்தேன். நான் வாங்கியபோது அந்தக் கம்பெனிக்கு 8 கோடிப் பங்குகள். 2024ல் 21 கோடி. பெருக்கிப் பாருங்கள்: 8 கோடி பெருக்கல் 42 சென்ட், ஏறத்தாழ 3.4 கோடி டாலர். 21 கோடி பெருக்கல் 19 சென்ட், ஏறத்தாழ 4 கோடி டாலர். கம்பெனியின் மொத்த மதிப்பு கூடித்தான் இருக்கிறது! என் பங்குதான் தண்ணீர் ஊற்றிய மோராகிவிட்டது.

இது மோசடி இல்லை, அந்தத் தொழிலே அப்படித்தான். எங்கள் தோட்டத்தில் இந்த மாதம் கொழுந்து பறித்தால் அடுத்த மாதம் உரம் வாங்கக் காசு வரும். தேடும் கம்பெனிக்குக் கொழுந்தே கிடையாது. உறைந்த ஏரி மேல் இயந்திரத்தை நிறுத்தி நூற்றுக்கணக்கான மீட்டர் துளை போடுவது, ஹெலிகாப்டர் வாடகை, ஆபீஸ் சம்பளம் என்று எல்லாச் செலவுக்கும் ஒரே வழி, புதுப் பங்கு அச்சடித்து விற்பது. அதைச் சந்தை விலையை விடக் குறைவாகப் பெரிய கைகளுக்குக் கொடுப்பார்கள். கூடவே வாரண்ட் என்று ஒரு சீட்டும் உண்டு: இரண்டு வருஷத்துக்குள் இன்ன விலைக்கு இன்னும் ஒரு பங்கு வாங்கிக்கொள்ளலாம். கனடாவில் அப்படி வாங்கிய பங்கைப் பொதுவாக நாலு மாதத்துக்கு விற்கக் கூடாது. நாலு மாதம் முடிந்ததும் பலர் பங்கை விற்றுப் போட்ட காசை எடுத்துவிட்டு, வாரண்டை மட்டும் இலவசமாக வைத்துக்கொள்வார்கள். நல்ல செய்தி வந்தும் விலை ஏன் சரிகிறது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்ட இரண்டு தடவையும் தேதியைப் பார்த்தால் நாலு மாதக் கெடு முடிந்த வாரம்.

இதையெல்லாம் என் ஊரைப் பார்த்தே கற்றிருக்கலாம் என்பதுதான் வேடிக்கை. தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தேயிலைக்குள் நடந்தால் மலையைக் குடைந்த பழைய சுரங்க வாய்கள் தென்படும். எங்கள் சரிவுக்குக் கீழே ஒன்று இருக்கிறது. குனிந்து பத்தடி போனால் வௌவால் நாற்றம், முழங்கால் வரை தண்ணீர், சுவரில் உளி கொத்திய தடம். இதெல்லாம் 1880 வாக்கில் வெள்ளைக்காரர்கள் தங்கம் தேடிய குழிகள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த பிரப் ஸ்மித் என்பவரை அரசாங்கம் வரவழைத்தது. அவர் பாறைத் துண்டுகளைச் சோதித்துக் கொடுத்த அறிக்கையைக் காட்டி, லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் மளமளவென்று பங்கு வெளியிட்டன. அறிவித்த முதல் மொத்தம் 40 லட்சம் பவுண்டுக்கும் மேல். நோய் விழுந்து செத்துக்கொண்டிருந்த காபித் தோட்டங்களைத் தங்க நிலம் என்று சொல்லி அந்தக் கம்பெனிகளுக்கே விற்றார்கள் துரைமார். பங்குப் பணத்தில் பெரும்பகுதி பாறையை உடைக்கப் போகவில்லை, நிலம் விற்றவன் பைக்குப் போனது. சில வருஷத்தில் பெரும்பாலான கம்பெனிகள் மூடின.

தங்கம் பொய் இல்லை. இன்றும் ஓடையில் மரத்தட்டில் மண் அலசுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை தட்டின் விளிம்பில் காட்டினார், கடுகில் பாதி இருக்கும். "இருக்குது தம்பி, ஆனா நாள்கூலிக்கே வரமாட்டேங்குது" என்றார். திருட்டுக் குழியில் இறங்கி மண் சரிந்து செத்தவர்களும் உண்டு. அதே சமயத்தில் அதே லண்டன் பணத்தில் தொடங்கிய கோலார் தங்கவயலும் மூடும் நிலைக்குத்தான் வந்தது. 1883 வாக்கில் சாம்பியன் ரீஃப் என்ற தங்கப் படிவு அகப்பட்டு, 2001 வரை ஓடியது. யூடியூபில் உங்களுக்குக் காட்டுவது கோலாரை. தேவாலாவை வைத்து யாரும் வீடியோ போடமாட்டார்கள்.

யுரேனியத்துக்கென்றே ஒரு பொறி உண்டு. தங்கம் என்றால் ஆய்வகத்தில் சோதனை முடியும் வரை எவ்வளவு என்று எண் சொல்ல முடியாது. யுரேனியத்துக்குக் கதிர்வீச்சு இருப்பதால், துளையிலிருந்து எடுத்த பாறைத் தண்டின் மேல் கருவியைப் பிடித்தாலே நொடிக்கு இத்தனை துடிப்பு என்று எண் வந்துவிடும். மறுநாளே அறிவிப்பு, பங்கு துள்ளும். என் கம்பெனியும் நொடிக்கு 10,000க்கு மேல் என்று தலைப்புப் போட்டது. இரண்டு மாதம் கழித்து ஆய்வக முடிவு, அரை மீட்டர் தடிமனில் 0.3 சதவீதம். கனடாவின் சிகார் லேக் சுரங்கத்தில் தாதுவில் 10 சதவீதத்துக்கும் மேல் யுரேனியம் என்பதைத் தெரிந்துகொண்டு அந்த 0.3ஐப் பாருங்கள். ஜார்க்கண்டில் ஜாதுகுடாவில் 0.1க்கும் கீழேதான், ஆனால் அதை நடத்துவது அரசாங்கம், அது வேறு கணக்கு. அரை மீட்டர் தடிமனுக்காக கனடாவின் அந்த வடகோடியில் யாரும் சுரங்கம் போடப்போவதில்லை.

சரி, நிஜமாகவே பெரிய படிவு கிடைத்துவிட்டது என்றே வையுங்கள். சிகார் லேக்கைக் கண்டுபிடித்தது 1981ல். 2006லும் 2008லும் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. உற்பத்தி தொடங்கியது 2014ல். அந்த 2014ல் நெக்ஸ்ஜென் என்ற கம்பெனி கண்டுபிடித்த ஆரோ படிவு உலகமே பேசிய படிவு, 2024 முடியும்போதும் அங்கிருந்து ஒரு பவுண்டு விற்கவில்லை. இடையில் விலையும் உங்களுக்காகக் காத்திருக்காது. 2003ல் 10 டாலர் வாக்கில் இருந்தது 2007ல் 130ஐத் தாண்டியது, 2011 புகுஷிமா விபத்துக்குப் பிறகு இறங்கி இறங்கி 2016ல் 20க்கும் கீழே போனது. ஆஸ்திரேலியாவின் யுரேனியம் கம்பெனி பாலாடின் ஒரு சென்ட்டிலிருந்து 10 டாலருக்கு மேல் போன பங்கு. அந்தப் படத்தைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். அதே கம்பெனி 2017ல் கடன் கட்ட முடியாமல், நொடித்த கம்பெனியைக் கவனிக்க வரும் வெளி நிர்வாகிகள் கைக்குப் போனதைக் காட்டமாட்டார்கள்.

யுரேனியம் விலை ஏறும் என்பதுதான் உங்கள் நம்பிக்கை என்றால் யுரேனியத்தையே வாங்கி வைத்திருக்கும் ஸ்ப்ராட் டிரஸ்ட் டொராண்டோ சந்தையில் இருக்கிறது. 6 கோடிப் பவுண்டுக்கு மேல் சரக்கு வைத்திருக்கிறது, துளை போடும் செலவு கிடையாது. நான் 42 சென்ட்டைப் பார்த்து 'மலிவு' என்று மயங்கிய காலத்திலிருந்து 2024 ஜனவரி வரை அது கிட்டத்தட்ட இரட்டித்தது. ஒரு பங்கு 42 சென்ட் என்பது மலிவும் இல்லை, விலை கூடுதலும் இல்லை. மொத்தம் எத்தனை பங்கு என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

இதற்கு மேலும் சின்னக் கம்பெனிதான் வேண்டும் என்றால், மூன்று லட்சத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் போகாதீர்கள். வாங்கும் முன், கனடாக் கம்பெனிகள் கணக்கைத் தாக்கல் செய்யும் செடார் பிளஸ் தளத்தில் அவர்களுடைய காலாண்டுக் கணக்கை இலவசமாக எடுத்துப் பாருங்கள். மூன்று வருஷத்துக்கு முன் எத்தனை பங்கு, இன்று எத்தனை, கையில் ரொக்கம் எத்தனை மாதத்துக்கு வரும், துளைக்குச் செலவழித்தது அதிகமா சம்பளத்துக்கும் விளம்பரத்துக்குமா. என் கம்பெனி ஒரு வருஷம் துளையை விட விளம்பரத்துக்கு அதிகம் செலவழித்திருந்தது. அது கணக்கில் பச்சையாக எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை.

இந்தியாவில் யுரேனியம் வெட்டுவது மத்திய அரசின் யூசில் என்ற கம்பெனி, அது பங்குச் சந்தையில் கிடையாது. அதனால் வெளிநாடுதான். ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம், உங்கள் தொகைக்கு டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) வராது. நம் ஊர் ஆப்களில் பெரும்பாலும் அமெரிக்கப் பங்குகள்தான், டொராண்டோவுக்கு வெளிநாட்டு புரோக்கர் கணக்கு வேண்டும். நான் போன வங்கிக் கிளையில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நிரப்பும் ஏ2 படிவம் என்றதும் மேனேஜரே கோயம்புத்தூருக்குப் போன் போட்டுக் கேட்டார். மூன்று தடவை மலை இறங்கி ஏறினேன். அப்புறம் வருமான வரி ரிட்டர்னில் ஷெட்யூல் எஃப்ஏ என்ற பகுதியில் அந்தப் பங்கைக் காட்டியே ஆக வேண்டும், லாபமோ நட்டமோ, ஏழாயிரம் பங்கோ ஏழு பங்கோ. 2024 ஆடியில் 14 சென்ட்டுக்கு விற்று அறுபதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே கைக்கு வந்த பிறகும், அந்த வருஷத்துக்காக ஆடிட்டரிடம் உட்கார்ந்து அதை நிரப்பினேன். அவருக்கு ஃபீஸ் 2,500 ரூபாய்.