வீட்டுலயே சரக்கு காய்ச்சலாமா?

கேள்வி: என் மச்சான் நியூசிலாந்துல இருக்கார், வீட்டு ஷெட்லயே காப்பர் ஸ்டில் (சரக்கு வடிக்கிற செம்புப் பாத்திரம்) வெச்சு காய்ச்சுறார். போலீஸ் வரல, யாருக்கும் ஒண்ணும் ஆகல. நம்ம ஊர்ல மட்டும் காய்ச்சுன சரக்க குடிச்சா சாவுதான்னு சொல்றாங்களே, ஏன் சார்?
- வாசகர், திருச்சி

பதில்: மச்சான் சொல்றது நிஜம்தாங்க. அங்க சொந்த உபயோகத்துக்கு வீட்டுல காய்ச்சிக்கலாம்னு 1996லயே விட்டுட்டாங்க, லைசென்ஸ் இல்லாம விக்கத்தான் கூடாது.

நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். 2023 மே மாசம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்துலயும் செங்கல்பட்டு மாவட்டத்துலயும் விஷச் சரக்கு குடிச்சு செத்தாங்க, 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல நடந்ததுல 60 பேருக்கு மேல போயிட்டாங்க. அவங்க உசுர எடுத்தது மெத்தனால்ங்கிற விஷச் சாராயம். பெயிண்ட், கெமிக்கல் கம்பெனிங்களுக்குப் போற சாமான், அத கடத்திட்டு வந்து தண்ணி கலந்து விக்கிறானுங்க. காய்ச்சுற வேலையே இல்ல, ஊறல் போட வேணாம், விறகு வேணாம், லாபம் மட்டும்தான். தினம் கூலி வேலை பாத்துட்டு உடம்பு வலிக்கு மலிவா ஒரு பாக்கெட் வாங்குறவன் தலையில இது விடியுது, அதான் எனக்கு வயிறு எரியுது. வெல்லமோ சர்க்கரையோ போட்டு புளிக்க வெச்சா வர்றது பெரும்பாலும் எத்தனால்தான், அதாவது வழக்கமா சரக்குல இருக்குற சாராயம், மெத்தனால் ரொம்ப சொற்பம். பழத்துல பெக்டின்னு ஒண்ணு இருக்கு, அதுல இருந்து கொஞ்சம் கூடுதலா வரும்.

அப்போ காய்ச்சிப் பாக்கலாமேன்னு கிளம்பிடாதீங்க. நம்ம ஊர் வெயில் சூட்டுலயே சாராயத்துல இருந்து தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி வரும், ஒரு பொறி பட்டா போதும். கேஸ் அடுப்பு மேல பானை, மூடி சரியா ஒட்டல, ஆவி கசிஞ்சு கீழ எரியிற அடுப்புல பட்டா ரூமே பத்திக்கும். குழாய்ல அடைப்பு வந்தா பாத்திரம் வெடிக்கும். அமெரிக்காவுல ஒரு காலத்துல ஆவிய குளிர வைக்க பழைய கார் ரேடியேட்டர மாட்டுனாங்க, அதோட பத்தவைப்புல இருந்த ஈயம் சரக்குல எறங்கி குடிச்சவங்களுக்கு நரம்பு, கிட்னின்னு எல்லாம் போச்சு. நம்ம பக்கம் ஊறல் சீக்கிரம் பொங்கணும்னு யூரியா, நவச்சாரம்லாம் அள்ளிப் போடுறாங்க. இது போக, தமிழ்நாட்டுல 1937ம் வருஷ மதுவிலக்கு சட்டப்படி காய்ச்சுறது மட்டுமில்ல, அதுக்கான ஊறலையும் சாமானையும் வெச்சிருந்தாலே குத்தம். 2024ல திருத்தம் கொண்டு வந்து, உயிர் போச்சுன்னா ஆயுள் தண்டனை, ₹10 லட்சம் அபராதம்னு ஆக்கிட்டாங்க. வேண்டாங்க, மச்சான் ஊருக்குப் போறப்ப அங்கயே பாத்துட்டு வாங்க.

கேள்வி: முதல்ல சொட்டுறத கீழ ஊத்திட்டா மெத்தனால் போயிடும், தீக்குச்சி காட்டி நீலமா எரிஞ்சா நல்ல சரக்குன்னு எங்க ஊர்ல சொல்றாங்க. சரியா?
- வாசகர், தர்மபுரி

பதில்: ரெண்டையும் நம்பாதீங்க. மெத்தனால் 64.7 டிகிரியில கொதிக்கும், எத்தனால் 78 டிகிரியில, அதனால முன்னாடியே தனியா வந்துடும்னு நெனைக்கிறாங்க. தண்ணியும் ரெண்டு சாராயமும் கலந்து கெடக்குறப்ப அப்படி பிரியாது, முதல் சொட்டுல இருந்து கடைசி வரைக்கும் கூடவே வரும். முதல்ல வர்றத கொட்டுறது மூக்குல ஏறுற கெட்ட வாடை போக உதவும், அவ்ளோதான். மெத்தனால் கலந்து விக்கிற பாக்கெட்டுக்கோ அதுவும் கிடையாது, அது எங்கயும் காய்ச்சுனதே இல்லயே. நெருப்பு டெஸ்ட்டும் அப்படித்தான், மெத்தனாலும் நீலமாத்தான் எரியும், பகல்ல அந்த தீ கண்ணுக்கே சரியா தெரியாது.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் பாக்கெட் சரக்கு குடிக்கிறார், சொன்னா கேக்கல. விஷம்னா எப்படி தெரியும், என்ன செய்யணும்?
- வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அம்மா, குடிச்ச உடனே தெரியாது, அதான் இதுல பெரிய ஆபத்து. சாதா போதை மாதிரி இருக்கும், படுத்து தூங்கிடுவாங்க. 12 மணி நேரம், சில பேருக்கு ஒரு நாள் கழிச்சுதான் வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்குறது, கண்ணுல பனி மூட்டம் போட்ட மாதிரி மங்கல் வரும். உடம்பு மெத்தனால ஃபார்மிக் ஆசிடா மாத்துது, அது கண் நரம்ப தாக்குது. 10 மில்லியே கண்ண பறிக்கலாம், 30 மில்லியே உயிர எடுக்கலாம்.

மோர், எலுமிச்சை சாறுன்னு குடுத்து நேரத்த விடாதீங்க, தூங்கட்டும்னும் விடாதீங்க. 108க்கு அடிங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்க. போலீஸ் கேஸ் ஆகுமோன்னு மறைக்காம என்ன குடிச்சார், எப்ப குடிச்சார்னு டாக்டர்கிட்ட நேரா சொல்லுங்க. ஃபோமெபிசோல்னு மருந்து இருக்கு, அது கிடைக்கலன்னா அளந்து எத்தனாலே குடுப்பாங்க, மெத்தனால் ஆசிடா மாறுறத அது தடுக்கும், கூடவே டயாலிசிஸ் பண்ணுவாங்க. இத வீட்டுல யாரும் செஞ்சு பாக்கக் கூடாதும்மா. பாக்கெட்ல மிச்சம் இருந்தா கையோட எடுத்துட்டு போங்க, அவரோட சேந்து குடிச்சவங்க யார் யாருன்னு கேட்டு, நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னாலும் அவங்களையும் அப்பவே கூட்டிட்டு போங்க.