கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கும் சீலியாக் நோயா?

கேள்வி: என் தங்கைக்கு (வயது 29) சமீபத்தில் சீலியாக் நோய் என்று உறுதியானது. எனக்கும் சில வருடங்களாகக் கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்கிறது. பயத்தில் மூன்று வாரங்களாகக் கோதுமையை அறவே நிறுத்திவிட்டேன். இப்போது வயிறு பரவாயில்லை. எனக்கும் அதே நோய்தானா? சின்ன வயதில் இல்லாதது இப்போது எங்கிருந்து வருகிறது?

பதில்: கோதுமையை நிறுத்தியதும் வயிறு சரியானது என்பதை வைத்து மட்டும் இது சீலியாக் என்று சொல்ல முடியாது. பரிசோதனைக்கு முன்பே நிறுத்திவிட்டதுதான் எனக்குக் கவலை. ஏன் என்று சொல்வதற்கு முன், இந்த நோய் எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம் குளூட்டன். இதை நம் செரிமான நொதிகளால் முழுதாக உடைக்க முடிவதில்லை. எல்லோருக்குமே சில துண்டுகள் மிஞ்சும். பெரும்பாலானோருக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. சீலியாக் உள்ளவர்களிடம் அந்தத் துண்டுகள் சிறுகுடலின் சுவருக்குள் போகின்றன. அங்குள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி அவற்றைச் சற்றே மாற்றுகிறது. மாறிய துண்டை நோயெதிர்ப்பு அணுக்கள் எதிரி என்று எடுத்துக்கொண்டு தாக்குகின்றன. அந்தத் தாக்குதலில் சேதமாவது நம் குடல்தான். சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. அதனால்தான் வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாமல், மாத்திரைக்குக் கட்டுப்படாத இரும்புச்சத்துக் குறைவோ எலும்புத் தேய்மானமோ மட்டும் தெரிந்து இந்த நோய் பிடிபடுவதும் உண்டு.

எல்லோருக்கும் ஏன் இப்படி நடப்பதில்லை? மரபணு ஒரு காரணம். டிக்யூ2, டிக்யூ8 என்ற இரண்டு மரபணு வகைகளில் ஒன்றாவது அநேகமாக எல்லாச் சீலியாக் நோயாளிகளிடமும் இருக்கும். ஆனால் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இவை உண்டு. நோய் வருவதோ சுமார் நூற்றில் ஒருவருக்கு. மரபணு கதவைத் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான். உள்ளே தள்ளிவிடுவது எது என்பதில்தான் ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. சிறுவயதில் வரும் சில குடல் வைரஸ் தொற்றுகள் மீது வலுவான சந்தேகம் இருக்கிறது. குழந்தைக்குக் குளூட்டனைத் தாமதமாகக் கொடுத்தால் நோயைத் தடுக்கலாம் என்று முன்பு நம்பினார்கள். 2014இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் அது நிரூபணமாகவில்லை. ஆகவே தங்கைக்கு வந்ததற்கு, சின்ன வயதில் என்ன ஊட்டினோம் என்று உங்கள் வீட்டில் யாரும் தங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். பல வருடம் நன்றாகக் கோதுமை சாப்பிட்டவருக்கும் நடுவயதில், ஏன் முதுமையிலும்கூட இது தொடங்கலாம்.

சரி, உங்கள் விஷயம். உடன்பிறந்தவருக்கு இருந்தால் உங்களுக்கும் இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று வரை போகும். அதனால் தொந்தரவு இல்லாவிட்டாலும்கூட நீங்கள் பரிசோதித்துக்கொள்வது நல்லது. முதலில் செய்வது ரத்தத்தில் டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிரான ஐஜிஏ வகை எதிர்ப்பொருள் (நோயெதிர்ப்பு மண்டலம் உண்டாக்கும் தற்காப்புப் புரதம்) இருக்கிறதா என்ற சோதனை. கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு முதல் சோதனை பொய்யாக 'இல்லை' என்று காட்டிவிடும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி மூலம் சிறுகுடலில் சிறு திசு எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்கிறோம்.

இந்த இரண்டு சோதனைகளுமே நீங்கள் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் நம்பகமானவை. நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் குறையத் தொடங்கும், குடலும் ஆறத் தொடங்கும். நோய் இருந்தும் அறிக்கை சுத்தமாக வந்துவிடலாம். எனவே இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். பொதுவாக, சோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை உணவு சாப்பிடச் சொல்வோம். அது தாங்க முடியாத அளவுக்குப் படுத்தினால் மரபணு சோதனை உதவும். அதற்குக் கோதுமை சாப்பிடத் தேவையில்லை. அந்த இரண்டு வகைகளும் இல்லையென்றால் சீலியாக் இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். இருந்தால் மட்டும் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வருமானால் அது கோதுமை ஒவ்வாமையாக இருக்கலாம். அப்படி இருந்தால் மேலே சொன்னபடி கோதுமையை நீங்களாக மறுபடி தொடங்கக் கூடாது. மூச்சுத்திணறல் வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

சீலியாக்கும் இல்லை, ஒவ்வாமையும் இல்லை, ஆனால் வயிறு மட்டும் உப்புகிறது என்பவர்கள் நிறைய பேர். அவர்களில் பலருக்குக் காரணம் குளூட்டனே அல்ல; கோதுமையில் உள்ள ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து பெருங்குடலில் புளித்து வாயுவை உண்டாக்குகிறது. வெங்காயம், பூண்டிலும் அது உண்டு. அவற்றைச் சாப்பிட்டாலும் உங்களுக்கு உப்புகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். காரணம் அதுதான் என்றால், தங்கையைப் போல வாழ்நாள் முழுக்கச் சிறு துணுக்கைக்கூடத் தவிர்க்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை; அளவைக் குறைத்தாலே பெரும்பாலும் போதும்.