தாவரவியல் படிக்கும் மகளை ஆராய்ச்சிக்கு அனுப்பலாமா?

ஐயா, வணக்கம். தர்மபுரியில் பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், செடிகளில் உள்ள சிறு ஆர்.என்.ஏ. பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிறாள். பி.எட். முடித்து வேலைக்குப் போனால் போதும் என்பது உங்கள் எண்ணம். அனுப்புங்கள் என்பதே என் பதில். எந்த வழியில் அனுப்புவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

அவள் கேட்பது ஆகாத படிப்பு அல்ல. ஆர்.என்.ஏ. என்பது டி.என்.ஏ.வைப் பார்த்துச் செல் எடுக்கும் நகல், வேதி எழுத்துகளால் ஆன சங்கிலி. செடியின் செல்லுக்குள் 21 முதல் 24 எழுத்து நீளமே உள்ள ஆர்.என்.ஏ. துண்டுகள் இருக்கின்றன. எந்த மரபணு எப்போது அடங்க வேண்டும் என்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. நெல்லிலும் மக்காச்சோளத்திலும் மகரந்தப்பை உருவாகும் நேரத்தில் இவை ஏராளமாகத் தோன்றுகின்றன. அதில் கோளாறு வந்தால் மகரந்தம் கெட்டுப்போகலாம். 1973இல் சீனாவில் ஒரு நெல்லைக் கண்டெடுத்தார்கள். பகல் நீண்டால் அதன் மகரந்தம் மலடாகும். பகல் குறுகினால் வழக்கம்போல மணி பிடிக்கும். அந்தக் குணத்துக்கு இந்தச் சிறு துண்டுகளும் ஒரு காரணம் என்று பின்னால் தெரிந்தது. தன் மகரந்தம் மலடாக இருப்பதால் வேறு ரக மகரந்தத்தை ஏற்கும் இப்படிப்பட்ட நெல்லைத் தாயாக வைத்தும் அங்கே வீரிய ஒட்டு விதை எடுக்கிறார்கள். விதை வாங்கி விதைக்கும் குடும்பத்துக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை.

இந்தச் சிறு துண்டுகளில் ஒரு வகையான மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் கண்டுபிடிப்புக்கு 2024இல் நோபல் பரிசு கிடைத்தது உண்மைதான். அதற்காக மட்டும் அனுப்பாதீர்கள்.

பணத்துக்கு வருவோம். எம்.எஸ்சி.க்காக நிலத்தை அடகு வைத்துத் தனியார் கல்லூரியில் சேர்க்க வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். கேட்-பி, ஐஐடி ஜாம், க்யூட் பி.ஜி. ஆகிய எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுகளை எழுதட்டும். பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு பிஎச்.டி. செய்யலாம். அதற்கு ஐந்தாறு வருஷம் பிடிக்கும். கல்யாணப் பேச்சு நடுவில் வரத்தான் செய்யும். படிப்பை நிறுத்தச் சொல்லாத வீடாகப் பாருங்கள்.

எம்.எஸ்சி.யோடு நின்றாலும் நஷ்டமில்லை. விதை நிறுவன ஆய்வகங்களுக்குப் போகலாம். பி.எட். சேர்த்துப் படித்தால் முதுநிலை ஆசிரியர் தேர்வும் எழுதலாம், நீங்கள் விரும்பிய வழி அடைபடாது.

மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி ஃபெலோஷிப்புக்கு அவள் விண்ணப்பிக்கட்டும். ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு, என்.சி.பி.எஸ்., ஐ.ஐ.எஸ்சி. என்ற இரண்டு பெரிய ஆராய்ச்சி நிறுவனங்களும் அங்கேதான். இரண்டு மாதம் ஆய்வகத்தில் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து அவளே சொல்லட்டும். அதுவரை மாப்பிள்ளை பார்ப்பதையும் பி.எட். விண்ணப்பத்தையும் தள்ளி வையுங்கள்.